ஒரு வினைச்சொல்லின் மீதான விசாரணை

மாட்டுங்கா
6 ஜூலை 2023

சிரஞ்சீவி ஷ்ரவணுக்குக் கிட்டு மாமா எழுதுவது.

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு, மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் நமக்குள் எழுதப்படும் கடிதங்கள் எல்லாவற்றிலும் இடப்பக்கம் இரண்டு விரற்கடை மார்ஜின் விட வேண்டும். பைலில் கோக்கும்போது துளை எழுத்தின் மேல் விழக்கூடாது. ஒன்றரை விரற்கடை போதுமா என்றும் ஆலோசித்தேன். போதாது.

இந்த முடிவிலிருந்து இன்னொன்று தானாக வருகிறது. இனி போன் கிடையாது. போனில் பேசியதைப் பைல் பண்ண முடியாது. நேற்று நீ ஏழு தடவை கூப்பிட்டதை நான் எடுக்காததன் காரணம் இதுதான். நீ வீட்டுக்கு வருவதும் வேண்டாம். விசாரணைக்கு உன் தரப்பில் வந்து நிற்கப் போகிறவன் நான். அடிக்கடி சந்தித்தால் ஜோடித்துப் பேசினோம் என்பார்கள்.

குற்றப்பத்திரிகை நகல் வந்தது. முப்பத்தாறு வருஷம் பெர்சனல் டிபார்ட்மெண்டில் இதே மாதிரி குற்றப்பத்திரிகைகளை எழுதினவன் நான். ரிட்டயர் ஆன பிறகு அதே மாதிரி பத்திரிகைகளுக்குப் பதில் எழுதி ஒன்பது பேரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒன்பது தடவையும் ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துத்தான். உன்னுடையதிலும் ஒரு சொல் இருக்கிறது. இரண்டாம் தேதி மூன்று மணி ஷிப்டுக்கு வருமுன் நீ 'டிப்பிள்' செய்திருந்தாய் என்று எழுதியிருக்கிறார்கள். குடித்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் இருக்க, இந்த வினைச்சொல்லை எதற்குத் தேடிப் பிடித்தார்கள்? அதன் பொருள் என்ன, பூர்வீகம் என்ன என்று தெரியாமல் பதிலில் ஒரு வரியும் எழுதக்கூடாது. கெடு 31ஆம் தேதி. நாள் நிறைய இருக்கிறது.

என் ரத்த அழுத்தம் நூற்று முப்பது. உன்னுடையதைப் பார்த்து எழுதவும். உன் அம்மா முட்டிக்குத் தைலம் தடவுகிறாளா?

ஆசீர்வாதத்துடன்,
கிட்டு

*

டோம்பிவிலி
10 ஜூலை 2023

மாமாவுக்கு ஷ்ரவணின் நமஸ்காரம்.

மார்ஜின் விட்டிருக்கிறேன். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்திரண்டு. அம்மா தைலம் தடவுகிறாள், முட்டி கேட்கவில்லை. தமிழில் இவ்வளவு எழுதிப் பல வருஷமாச்சு. கல்யாணமான நாளாய் நான் தமிழ் எழுதிப் பார்த்ததில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்தனா சிரிக்கிறாள்.

மாமா, அந்தச் சொல் எனக்கு முக்கியமில்லை. நடந்தது உங்களுக்கே தெரியும். தாத்தா ஸ்ராத்தத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு நெஞ்சில் நின்றது. "அலமாரியில அரிஷ்டம் இருக்கே, அதுல கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போறேன் மாமா" என்றேன். நீங்கள் பிண்டத்தைக் காக்கைக்கு வைக்க மாடிக்குப் போயிருந்தீர்கள், காதில் விழுந்ததோ இல்லையோ. அரை டம்ளர் குடித்துவிட்டு நேரே செம்பூர் பிளாண்டுக்குப் போனேன். கேட்டில் எல்லோரும் மெஷினில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதிமூன்று வருஷமாக ஊதுகிறேன். வாட்ச்மேன் என்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவான். அன்றைக்கு மெஷின் கத்தியது. அவன் "க்யா ஸாப், ஆஜ் பார்ட்டி?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டாம் தடவை கத்தியபோது அவன் சிரிக்கவில்லை.

கம்பெனி டாக்டர் நல்ல மாதிரி. அவள் சொன்னது இது: அரிஷ்டத்திலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு; தெரியாமல் மருந்தோடு உள்ளே போனது என்றால், அந்தப் பாட்டிலும், அது யார் வீட்டு மருந்தோ அவர் கையெழுத்துப் போட்ட ஒரு வரியும் கொண்டுவா, எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் வேலை போகும். நான் கண்ட்ரோல் ரூம் ஆள், கேஸ் வால்வுகள் என் கையில் இருக்கின்றன. நடுவில் ஒன்றும் கிடையாது.

பாட்டிலும் ஒரு வரியும். நான் உங்கள் பில்டிங் கேட்டில் நின்று வாங்கிக்கொண்டு போகிறேன், உள்ளே வரவில்லை.

ஷ்ரவண்

*

மாட்டுங்கா
17 ஜூலை 2023

சி. ஷ்ரவணுக்கு ஆசீர்வாதம். என் அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு, மழையினால். நீ உப்பைக் குறை.

சபா நூலகத்தில் ஆங்கிலப் பேரகராதியின் எல்லாத் தொகுதிகளும் உண்டு. நமக்கு வேண்டிய தொகுதி மட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. நூலகர் கோகிலவாணி, "போன்ல தட்டினா ரெண்டு செகண்டுல வந்துருமே மாமா" என்றாள். ரெண்டு செகண்டில் வருவது விசாரணையில் ரெண்டு செகண்டுதான் நிற்கும் என்றேன். தற்காலிகமாகச் சிறிய அகராதியைப் பார்த்தேன்.

சிறுகச் சிறுக, அடிக்கடி, வழக்கமாக அருந்துவது என்று போட்டிருக்கிறது. சரிதான், ஆனால் நுட்பம் போதாது. நான் விரித்து எழுதுகிறேன். விளக்கேற்றியதும் ஒரு அவுன்ஸ். சாப்பாட்டுக்கு முன் ஒரு அவுன்ஸ். செய்தி முடிந்ததும் அரை. பேச்சு குழறாது, கால் தடுமாறாது, மறுநாள் சந்தியாவந்தனம் தவறாது, அடுத்த பிளாட்டுக்காரனுக்கு வாசனையும் போகாது. இதுதான் டிப்பிள். அரை டம்ளரை ஒரே மூச்சில் விழுங்கினவனை இந்த வினைச்சொல்லுக்குள் கொண்டுவரவே முடியாது. உன் வழக்கு இப்போதே பாதி ஜெயம்.

எனக்கு வேறு வேலையும் நெருக்குகிறது. தெருமுனை மதுக்கடையை மூட எங்கள் வார்டுப் பெண்களின் ஓட்டெடுப்பு அக்டோபர் முதல் தேதி என்று உத்தேசமாகச் சொல்கிறார்கள். வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று; படுத்ததற்குப் பாதிக்கு மேல் விழுந்தால் கடை மூடல். அமைப்பாளர் என்ற முறையில் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறேன். "ஆட்வி பாட்லி!" என்று படுத்த பாட்டிலுக்கு நான் குரல் கொடுத்தால் குழந்தைகள் கூடத் திருப்பிச் சொல்கின்றன.

நீ ஏதோ பாட்டில் என்று எழுதியிருக்கிறாய். எது என்று விளங்கவில்லை. வீட்டில் பாட்டில்கள் பல.

கிட்டு

*

டோம்பிவிலி
20 ஜூலை 2023

மாமாவுக்கு நமஸ்காரம். நேற்று டிரெயின் ஓடவில்லை, தண்டவாளத்தில் தண்ணீர். அம்மா சௌக்கியம். எனக்கு அழுத்தம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

சமையலறை அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு, அப்பள டப்பாவுக்குப் பின்னால். பழுப்பு பாட்டில். பாலக்காட்டு வைத்தியர் கடை லேபிள், ஒரு மூலை கிழிந்திருக்கும். முக்கால்வாசி இருந்தது, நான் குடித்த பிறகு பாதி.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது மாமா. டாக்டர் மறுபடி கேட்டாள். "பாட்டில் எங்கே? உங்கள் மாமா மும்பையில்தானே இருக்கிறார், அமெரிக்காவில் இல்லையே?" என்றாள். மாட்டுங்காவில் என்றேன். ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிஷம் என்றும் சொன்னேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஷ்ரவண்

*

மாட்டுங்கா
2 ஆகஸ்ட் 2023

சி. ஷ்ரவணுக்கு ஆசீர்வாதம். தாமதத்துக்குக் காரணம் நல்ல செய்தி. கெடு முடிவதற்கு நான்கு மணி நேரம் முன்பு உன் கம்பெனிக்கு என் கடிதம் போய்ச் சேர்ந்தது. குற்றப்பத்திரிகையில் உள்ள ஒரு வினைச்சொல்லின் பொருள் தெளிவாகும் வரை பதில் தர இயலாது என்று எழுதினேன். அவர்கள் மிரண்டு, பதிலே வேண்டாம், நேரே செப்டம்பர் 12 விசாரணையில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். நாற்பத்து மூன்று நாள் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறேன்.

தொகுதி பைண்டிங்கிலிருந்து வந்துவிட்டது. ஷ்ரவண், இது சாதாரணச் சொல் அல்ல. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் டிப்ளர் என்றால் குடிக்கிறவன் அல்ல. மதுவைச் சில்லறையில் விற்கிறவன். அவனிடமிருந்துதான் வினைச்சொல் பிறந்தது. டிப்பிள் செய்வது என்றால் முதலில் விற்பது; அரை நூற்றாண்டு கழித்துத்தான் குடிப்பது. ஏறக்குறைய இருநூறு வருஷம் அந்தப் பெயர் ஊற்றிக் கொடுத்தவன் தலையில் இருந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து வாங்கிக் குடித்தவன் தலையில் உட்கார்ந்துகொண்டது. ஊற்றிக் கொடுத்தவன் சத்தமில்லாமல் விலகிவிட்டான். இதைப் படித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சுவாரசியம்.

நீ குறிப்பிட்ட பாட்டிலைப் பற்றி: வேலைக்கு வரும் மாரீஸ்வரி போன மாதம் இருபத்தைந்தாம் தேதி அலமாரி துடைக்கும்போது அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். ஆகவே அந்த அத்தியாயம் முடிந்தது.

கிட்டு

*

டோம்பிவிலி
8 ஆகஸ்ட் 2023

அண்ணாவுக்கு ராஜலக்ஷ்மி நமஸ்காரம்.

என் முட்டியைப் பற்றி நீ ஷ்ரவணுக்கு எழுதின முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்த முட்டியோடுதான் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு மூன்று மாடியும் ஏறினேன். நீ ஓட்டுக் கேட்கப் போயிருந்தாய். பக்கத்து வீட்டு அபயாம்பாள் சாவி கொடுத்தாள். காபி போட்டுக் குடித்துவிட்டு, அப்பள டப்பாவை நகர்த்திப் பார்த்தேன்.

மாரீஸ்வரி ஜூலை பத்தாம் தேதியே திருநெல்வேலிக்குத் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாளாம். இன்னும் திரும்பவில்லை. அபயாம்பாள் சொன்னாள். இருபத்தைந்தாம் தேதி அவள் உன் வீட்டில் எதையும் உடைத்திருக்க முடியாது.

பாட்டில் இருக்கிறது. பாதிதான் என்று ஷ்ரவண் சொன்னது, கழுத்து வரை நிறைந்திருந்தது. நான் மூடியைத் திறந்தேன், மூடினேன். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். பையில் போட்டுக்கூடப் பார்த்தேன். அப்புறம் திருப்பி வைத்துவிட்டேன். நான் திருடிக்கொண்டு வந்து என் பிள்ளையைக் காப்பாற்றுவது வேறு, நீ எடுத்துக் கொடுப்பது வேறு. அவன் அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவன் நீ. அவன் உன்னைத் தவிர யாரிடமும் போய் நிற்கவில்லை.

வந்தனா காலை ஆறேகாலுக்கு ஐரோலிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தும், அவன் அவளை வழியனுப்பிவிட்டு, தன் யூனிபார்ம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைக்கிறான். தினமும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜி

*

மாட்டுங்கா
19 ஆகஸ்ட் 2023

சௌ. ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். நான் இல்லாதபோது வந்து போனதில் வருத்தம். டிகாக்ஷன் நன்றாக இறங்கியிருந்ததா?

மாரீஸ்வரி என்று எழுதியது ஞாபகப் பிசகு. உடைந்தது வேறு பாட்டில், உடைத்தது நானாகவும் இருக்கலாம். எழுபத்திரண்டு வயதில் இதெல்லாம் சகஜம். நீ பார்த்தது கடுகெண்ணெயாக இருக்கும்.

ஓட்டெடுப்பு அக்டோபர் ஒன்று என்று உறுதியாகிவிட்டது. ஆயிரத்துக்கு மேல் பெண்களிடம் பேசியாகிவிட்டது. தாராவிப் பக்கத்திலிருந்து கூட வந்து என் பேச்சைக் கேட்கிறார்கள். கடைக்காரன் ஆள் ஒருவன் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அங்கிள், உங்க வீட்ல என்ன குடிக்கிறீங்க?" என்றான். மோர் என்றேன். கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

இந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். ஷ்ரவணின் வழக்கு என் கையில் பத்திரமாக இருக்கிறது.

கிட்டு

*

டோம்பிவிலி
26 ஆகஸ்ட் 2023

மாமாவுக்கு நமஸ்காரம். அம்மாவும் வந்தனாவும் சௌக்கியம்.

ஊற்றிக் கொடுத்தவன் விலகிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். மாமா, நானும் இரண்டு மாதமாக அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும். அரிஷ்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நீங்கள்தானே பல்லைக் கடித்துக்கொண்டு குடி என்று ஊற்றுவீர்கள். இது முதல் வாயிலேயே எரிந்தது. பழைய சரக்கு, காரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மீதியையும் குடித்தேன். உங்கள் வீட்டில் வேறு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டில் மெஷின் இரண்டாவது தடவை கத்தியபோது தோன்றியது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஓட்டு அக்டோபர் ஒன்றாம் தேதி முடிந்துவிடும். விசாரணையை அக்டோபர் பத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நான் எழுதிக் கேட்கிறேன், ஒரு தடவை தள்ளுவார்கள். உங்கள் தெருமுனைக் கடை மூடட்டும். அதற்கப்புறம் நீங்கள் டாக்டர் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மட்டும் சொன்னால் போதும். மாட்டுங்காவில் ஒருத்தருக்கும் தெரியாது.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஐந்தாம் தேதிக்குள் வந்தால்தான் தள்ளிவைக்கக் கேட்க முடியும்.

ஷ்ரவண்

*

மாட்டுங்கா
4 செப்டம்பர் 2023

சி. ஷ்ரவணுக்கு ஆசீர்வாதம். அழுத்தம் நூற்று அறுபது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

தள்ளிவைக்கக் கேட்பது பலவீனத்தின் அறிகுறி. வேண்டாம். பன்னிரண்டாம் தேதி பத்தரை மணிக்கு நானே வருகிறேன். பதினேழு பக்கம் தயார்.

டிப்பிள் என்ற சொல்லின் வேர் எது என்பதில் அறிஞர்களுக்கு இன்றுவரை முடிவில்லை. நார்வேப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுவதற்கு இதே மாதிரி ஒரு சொல் இருப்பதாகவும், அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு கட்சி. வந்திருக்கலாம் என்றுதான் எழுதுகிறார்களே தவிர, வந்தது என்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மூலம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை. பூர்வீகம் தெரியாத ஒரு வினைச்சொல்லை வைத்து ஒருவனை வேலையை விட்டு அனுப்ப எந்த நியாயமும் இடம் தராது.

நீ கேட்ட பாட்டிலும் அன்று வரும். கவலையை விடு.

கிட்டு

*

டோம்பிவிலி
8 செப்டம்பர் 2023

மாமாவுக்கு நமஸ்காரம்.

எந்தப் பாட்டில்? அம்மா பார்த்ததா? இருபது தடவை போன் செய்துவிட்டேன். நேற்று வந்து கதவைத் தட்டினேன், உள்ளே ரேடியோ ஓடியது. தயவுசெய்து என்னிடம் காட்டாமல் அங்கே மேசை மேல் எதையும் வைக்காதீர்கள்.

ஷ்ரவண்

*

மாட்டுங்கா
13 செப்டம்பர் 2023

சௌ. ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். உன் பிள்ளை வீட்டுக்கு வந்து எதுவும் சொன்னானோ இல்லையோ, அவன் சுபாவம் அப்படி. ஆகவே நானே எழுதுகிறேன். நேற்று நடந்தது போல ஒரு விசாரணையை அந்தக் கம்பெனி பார்த்திருக்காது.

விசாரணை அதிகாரி பிரம்மநாயகம் என்று ஒருவர், நம் ஊர்க்காரர்தான், செம்பூரில் வீடு. எடுத்த எடுப்பில், "சார், சுருக்கமா முடிச்சிருவோம். பையன் குடிச்சானா, குடிக்கலியா?" என்றார்.

"எந்த நூற்றாண்டுப் பொருளில் கேட்கிறீர்கள்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினேன். டைப்பிஸ்ட் பெண் நடுவில் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கடைசியில் பிரம்மநாயகம், "அந்தச் சொல்லு தப்புதான் சார், ஒத்துக்கிடுதேன், எடுத்துருவோம்" என்று தம் வாயால் சொன்னார். பத்தாவது வெற்றி.

அதன் பிறகு அரிஷ்டப் பாட்டிலையும், இது என் வீட்டு மருந்து என்று கையெழுத்திட்ட ஒரு வரியையும் கொடுத்தேன். இரண்டு மாதமாக அவன் கேட்டது இதைத்தானே? அசல் பாலக்காட்டு அரிஷ்டம், இரண்டு அவுன்ஸ் மட்டும் குறைந்திருந்தது. டாக்டர் அம்மா லேபிளைத் திருப்பி, தயாரித்த மாதத்தைப் பற்றி ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டாள். ஆகஸ்ட் என்று போட்டிருந்தது போலிருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஷ்ரவண் எதிரே உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. கட்டுப்பாடான பையன்.

அவனுடைய எட்டாம் தேதிக் கடிதம் இன்று மத்தியானத் தபாலில்தான் வந்தது. மார்ஜின் விடவில்லை.

கிட்டு

*

டோம்பிவிலி
7 அக்டோபர் 2023

மாமாவுக்கு ஷ்ரவணின் நமஸ்காரம். புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டில் படுத்த பாட்டில் ஜெயித்தது என்று அபயாம்பாள் மாமி போன் செய்தாள். உங்களுக்கு மாலை போட்டு தெருக்கோடி வரை அழைத்துப் போனார்களாமே. சந்தோஷம்.

நீங்கள் அந்தப் பாட்டிலை வெளியே எடுத்ததுமே நான் லேபிளைப் பார்த்துவிட்டேன். இது அது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எங்கே, அதில் என்ன என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பிரம்மநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் பைலுக்காக உத்தரவின் நகல் இணைத்திருக்கிறேன். உங்கள் வாதத்தை ஏற்று முதல் பாராவில் டிப்பிள் என்ற வினைச்சொல்லை அடித்துவிட்டு, மது அருந்தியிருந்தார் என்று திருத்தியிருக்கிறார்கள். இரண்டாவது பாரா புதிது. சம்பவத்துக்கு ஒரு மாதம் கழித்துத் தயாரான மருந்தைப் பொய்ச் சாட்சியமாகத் தாக்கல் செய்தது. மூன்றாவது பாரா இரண்டே வரி. செப்டம்பர் முப்பதாம் தேதி மாலையோடு வேலை முடிந்தது.

திங்கட்கிழமை முதல் ஐரோலியில் ஒரு கிடங்கில் பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

ஷ்ரவண்